தாய் உள்ளே இருக்கிறாள்

நெய்யூரில் எனக்கு ஒரு மருந்துக் கடை இருக்கிறது. ஆன்ட்ரூஸ் என்று பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது; மருந்துக்கடை அண்ணன் என்றால் தெரியும். டாக்டர்மார் எழுதித் தருகிற சீட்டில் இருப்பது மருந்தின் பெயரா, பேனாவில் மை இருக்கிறதா என்று கிறுக்கிப் பார்த்ததா என மற்றவர்கள் குழம்பி நிற்கும்போது, நான் ஒரே பார்வையில் வாசித்து மாத்திரையை எடுத்து வைத்துவிடுவேன். எனக்கு வாசிப்பில் கர்வம் வந்ததற்கு அந்தக் கையெழுத்துகள் ஒரு காரணம். உலகத்தில் எதையும் வாசித்தே தெரிந்துகொண்டுவிடலாம் என்று நம்பியிருந்தேன்.

நான் வாசிப்பது நாடகங்கள். ரசனை என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். உண்மையான காரணம் கடைதான். நாவல் வாசிக்கும்போது ஒருவர் வந்து இருமல் மருந்து கேட்டுவிட்டுப் போனால், எந்த வரியில் விட்டோம் என்று தேட வேண்டும். நாடகத்தில் அந்தத் தொல்லை கிடையாது. யார் பேசுகிறார் என்று ஓரத்தில் பெயர் போட்டிருக்கும். அரசன் பாதிப் பேச்சில் நின்றால் நிற்கட்டும். மருந்தையும் மீதிச் சில்லறையையும் கொடுத்து அனுப்பிவிட்டு வந்து, "ம், இனி சொல்லும்" என்று அவனைத் தொடரச் செய்யலாம். நாடகப் புத்தகங்களை வாங்க வேறு ஆளே இல்லாததால் பழைய புத்தகக் கடைக்காரர்கள் எனக்காகவே எடுத்து வைத்தார்கள். சத்துமாவு டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு அலமாரி நிறைந்துவிட்டது.

மேடையில் நாடகம் பார்க்க ஒரே ஒரு தடவை திருவனந்தபுரம் போனேன். ஏற்கெனவே வாசித்து வைத்திருந்த நாடகம். முன் வரிசையில் இருந்த ஆளின் தலை, தனியாக ஒரு டிக்கெட் எடுக்க வேண்டிய அளவில் இருந்தது. அந்தத் தலைக்கு இடப்பக்கம் அரசன் தெரிந்தால் வலப்பக்கம் அரசி காணாமல் போனாள். அரசனோ நான் இத்தனை காலம் மனதுக்குள் கேட்டு வைத்திருந்த குரலில் பேசாமல், மூக்கடைத்தவன் குரலில் பேசினான். அவன் ராஜ்ஜியத்தை இழந்தபோது எனக்கு இரக்கம் வரவில்லை; ஆவி பிடிக்கச் சொல்லலாமா என்றுதான் தோன்றியது. இடைவேளையில் எழுந்து ரயிலேறி இரணியலில் வந்து இறங்கினேன். அன்றோடு முடிவு செய்தேன்: நாடகம் வாசிக்க வேண்டியது. வாசிக்கத் தெரியாதவர்களுக்காகத்தான் அதை நடித்துக் காட்டுகிறார்கள்.

இந்தக் கருத்தைக் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வேன். காய்ச்சலோடு வந்தவர்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. மறுத்தது என் மனைவி சபிதா மட்டும்தான்.

"மீன்கறி எப்படி வைக்கணும்னு எழுதினத வாசிச்சா வயிறு நிறைஞ்சிருமா? போங்க அங்கோட்டு."

"நாடகம் மீன்கறி இல்லட்டி."

"பின்ன எதுக்கு அவ்வளவு பேரு கூடி நிண்ணு அதப் பாக்குதாவ?"

அதற்கு என்னிடம் ஒரு நல்ல பதில் இருந்தது. ஆனால் அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

போன வருடம் எங்கள் சர்ச்சின் சபை நாள் விழாவுக்கு முன்னால் போதகர் கடைக்கு வந்தார். வாலிபர்கள் வருடா வருடம் போடும் நாடகத்தில் டிவி சீரியலின் வாடை அடிக்கிறது என்று அவருக்குக் குறை. "நாடகப் புஸ்தகமா அடுக்கி வச்சிருக்கியளே, இந்தத் தடவ நீங்களே ஒண்ணு எழுதப்பிடாதா?" என்றார். இதற்காக நான் பல வருடங்களாகக் காத்திருந்தேன். ஆனாலும் மரியாதைக்கு ஒரு தடவை மறுத்தேன். உடனே, சரி வேறு ஆளைப் பார்ப்போம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் வந்து, அவர் வாயைத் திறப்பதற்குள் ஒத்துக்கொண்டேன்.

நாடகத்தின் பெயர் 'தோணி வந்த நாள்.' நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் சிலோன் காப்பித் தோட்டத்துக்குப் போன ஒரு இளைய மகன், நெடுங்காலம் சேதியே இல்லாமல் இருந்துவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்புகிறான். தகப்பன் அவனை வரவேற்று ஒன்றரைப் பக்கம் பேசுகிறான். மூத்த மகன் எதிர்த்து மூன்று பக்கம் பேசுகிறான். கடைசியில் எல்லாரும் மனம் மாறுகிறார்கள். எதனால் மாறுகிறார்கள் என்று இப்போது எனக்கே ஞாபகம் இல்லை. மூத்தவனின் மூன்று பக்கம் மட்டும் எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. நானும் ஒரு மூத்தவன்.

என் தம்பி வினோஜ் வளைகுடாவில் ஒரு கம்பெனியில் இருந்தான். கம்பெனி மூடியதும் திரும்பி வந்து, மார்த்தாண்டத்தில் மைக் செட் வாடகைக்கு விடுகிற கடை போட்டிருக்கிறான். கல்யாணம், கபடி, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவனுடைய ஸ்பீக்கர்கள்தான் போகும். அவனைப் பார்த்தால் எனக்குப் புத்தி சொல்ல வரும். வண்டி ஓட்டுவது, ஒயர் இழுப்பது, தலைமுடி வெட்டுவது என்று எதைப் பற்றியும் என்னிடம் சொல்ல ஏதாவது இருக்கும். அவனும் "சரி அண்ணா" என்று கேட்டுக்கொள்வான். அவன் கேட்டுக்கொள்வது எனக்குப் போதவில்லை என்பது நாடகம் எழுதும்போதுதான் தெரிந்தது.

எழுதி முடித்ததும் போதகர் வீட்டு முன்னறையில் சபைக் குழுவினர் கூடினார்கள். எல்லாப் பாத்திரங்களின் குரலிலும் நானே வாசித்தேன். தகப்பனுக்குத் தழுதழுத்தேன். இளையவனுக்குக் குனிந்தேன். மூத்தவனின் மூன்று பக்கத்தில் என் கண்ணே கலங்கிவிட்டது. வாசித்து முடித்து நிமிர்ந்தபோது அறையில் யாரும் அசையவில்லை. ஒருவர் மூக்கை உறிஞ்சினார். அவருக்கு நிரந்தரமாகச் சளி உண்டு, என் கடையில்தான் மருந்து வாங்குகிறார். ஆனாலும் அன்றைக்கு அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மைக் விஷயம் பேச வந்திருந்த வினோஜ் வாசல் பக்கம் நின்றுகொண்டு கேட்டான். "அண்ணா, மூத்தவன் பேசும்போ மத்தவங்க என்ன செய்வாவ?"

"கேட்டுக்கிட்டு நிப்பாவ."

"மூணு பக்கமுமா?"

அடுத்த கேள்வி ஞானபாய் டீச்சரிடமிருந்து வந்தது. பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் எதிரில் இருக்கிறவர்கள் எல்லாரையும் ஐந்தாம் வகுப்பாகவே பார்ப்பார்.

"ஏலே ஆன்ட்ரூஸ், இதுல தாய் எங்க?"

"மொதப் பக்கத்துலயே போட்டிருக்கு டீச்சர். 'ஒரு குடிசையின் முற்றம். தந்தை அமர்ந்திருக்கிறார். தாய் உள்ளே இருக்கிறாள்.'"

"உள்ள இருந்து என்ன செய்யுதா?"

நான் அதை யோசித்ததே இல்லை. "சமையல்" என்றேன்.

"பெத்த பிள்ளை சிலோன்லேருந்து வந்து முத்தத்துல நிக்கான். தகப்பன் பேசுதான், மூத்தவன் பேசுதான், அரை மணிக்கூறு ஆச்சு. அவ இன்னும் சட்டியக் கிண்டிட்டே இருக்காளா? அப்படி என்னலே ஆக்குதா?"

அறை முழுக்கச் சிரித்தது. காகிதத்தில் ஒரு ஆளை உள்ளே போட்டு வைப்பது சுலபம். மூன்று சொல் எழுதினால் போதும். அதற்கப்புறம் அவள் எட்டிப் பார்க்கவும் வேண்டாம், இருமவும் வேண்டாம். இருபது வருடமாக நாடகம் வாசித்த எனக்கு அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை.

"தாயா நானே நடிக்கேன்" என்றார் டீச்சர். அவரிடம் முடியாது என்று சொல்ல அந்த அறையில் ஆளில்லை. ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டேன்: தாய்க்கு வசனம் கிடையாது. டீச்சருக்கு ஒரு வரி கொடுத்தால் அதைத் திருத்தி ஒன்பதாக்குவார். வெளியே வர வேண்டும், தண்ணீர்ச் செம்போடு நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

தகப்பனாக ரசலையன் அண்ணாச்சி. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். ஆனால் எந்த வசனத்தைச் சொன்னாலும் அடுத்த நிறுத்தத்தைக் கூவுவது போலவே இருக்கும். இளையவனாக ஆட்டோ ஓட்டும் ஜெபிஷ். மூத்தவனாக பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஸ்டெனி. மூன்று பக்கத்தையும் இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிட்டான். அவனைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன்.

ஒத்திகைகளுக்கு டீச்சர் கண்ணாடி போட்டுக்கொண்டே வந்தார். விழா நாளில்தான் எனக்கு அது உறைத்தது.

"டீச்சர், கண்ணாடியக் கழத்துங்க. சிலோன் காலத்துல குடிசைக்குள்ள இருக்க தாய்க்கு தங்க ஃபிரேம் கண்ணாடி ஏது?"

"எனக்குக் கண்ணு தெரியாதுலே."

"நீங்க ஒண்ணும் பாக்க வேண்டாம். சும்மா நிண்ணா போதும்."

டீச்சர் என்னை முறைத்தபடி கழற்றினார். முறைத்தது எனக்குப் பக்கத்தில் இருந்த தூணைத்தான்.

மேடையின் ஓரத்தில், திரைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கையில் பிரதியோடு உட்கார்ந்தேன். யாராவது மறந்தால் வரி எடுத்துக் கொடுப்பது என் வேலை. அங்கிருந்து பார்த்தால் ரசலையன் அண்ணாச்சியின் முதுகும் ஸ்டெனியின் ஒரு செருப்பும் தெரியும். ஊரே நாடகம் பார்த்துக்கொண்டிருந்தபோது, எழுதிய நான் மட்டும் அதை வாசித்துக்கொண்டிருந்தேன்.

தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கூட்டம் சிரித்தது. 'கரையை நோக்கியே என் கண்கள் பூத்துப் போயின' என்று தகப்பன் உருகுகிற இடம். சிரிக்க அதில் என்ன இருக்கிறது? வரியை இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அண்ணாச்சி கரை என்று கை நீட்டிக் காட்டிய திசையில் பிரியாணி அண்டாவைத் திறந்துகொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஜெபிஷ் மேடையேறினான். "தந்தையே!" என்றான். இனி தகப்பனின் ஒன்றரைப் பக்கம் வர வேண்டும். வரவில்லை. யாருமே பேசவில்லை. கூட்டத்திலும் சத்தம் இல்லை. பிரதியைப் பார்த்தேன், அங்கே இப்படி ஒரு மௌனமே கிடையாது. அண்ணாச்சிக்கு மறந்துவிட்டது என்று புரிந்துகொண்டு, மெல்ல வரி எடுத்துக் கொடுத்தேன். அசைவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அப்போதும் இல்லை. பொறுமை இழந்து, "வற்றாத கண்ணீரின் வடிவே, வா! சொல்லும் வேய் அண்ணாச்சி!" என்று கத்தினேன். என் தலைக்கு மேலே ஒரு மைக் தொங்கிக்கொண்டிருந்ததை நான் கவனித்திருக்கவில்லை. என் குரல் ஸ்பீக்கர் வழியாகத் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. வினோஜ் சட்டென்று அந்த மைக்கை அணைத்தான்.

அதற்கப்புறம்தான் அண்ணாச்சி வாயைத் திறந்தார். "கஞ்சி குடிச்சியாலே மக்கா?" என்றார். முதல் தடவையாக அது நிறுத்தத்தின் பெயர் போல இல்லாமல் மனிதர் பேச்சாக இருந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து விம்மல் கேட்டது. நான் பிரதியில் விரலை ஓட்டி அந்த வரியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பிறகு மூத்தவன் பேசத் தொடங்கினான். நாலு வரி தெளிவாகக் கேட்டது. அப்புறம் ஸ்பீக்கரில் சத்தம் தேய்ந்துகொண்டே போய், ஸ்டெனியின் செருப்பு மட்டும் ஆவேசமாக முன்னும் பின்னும் நடந்தது. நாடகம் முடிந்து கைதட்டல் எழுந்தது. சபை நாளில் அப்படி ஒரு கைதட்டலை நான் கேட்டதில்லை.

போதகர் ஓடி வந்து என் கையைப் பிடித்தார். "அந்தத் தாய்! மகனைத் தடவித் தடவிக் கண்டுபிடிக்கிற இடம்! எப்படிய்யா எழுதினிய?"

"ஒரு வேகத்துல வந்திட்டு" என்றேன் தலையைக் குனிந்து. எதைப் பற்றிச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாது.

சபிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வீட்டுல வாசிச்சிய, அதுல இது இல்லியே."

கொஞ்சம் ஒதுக்கமாக அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். "சரி, என்னதான் நடந்துச்சு?"

தன் நாடகத்தில் என்ன நடந்தது என்று பெண்டாட்டியிடம் கதை கேட்ட எழுத்தாளன் என்னைத் தவிர வேறு எவனாவது இருந்திருப்பானா தெரியாது. அவள் சொன்னாள். மகன் வந்து நின்றதும் தாய் செம்போடு வெளியே வந்தாள். படியைக் காலால் தேடி இறங்கினாள். நேரே மூத்தவனிடம் போய் முகத்தைத் தொட்டாள். இல்லையென்று கையை எடுத்தாள். பிறகு காற்றில் கையை நீட்டிக்கொண்டே வந்து, இளையவனின் கன்னத்தைத் தொட்டாள், காதைத் தொட்டாள், அப்படியே பிடித்துக்கொண்டாள். "பிள்ளைய நெனச்சு அழுதழுதே கண்ணு போச்சாக்கும்னு எல்லாருக்கும் நெஞ்சு அடைச்சு போச்சு" என்றாள்.

பந்தியில் ஞானபாய் டீச்சரைத் தேடிப் போனேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பிரியாணியில் எலும்பு தேடிக்கொண்டிருந்தார்.

"எப்படி டீச்சர் அப்படி செய்யத் தோணிச்சு?"

"நீதானே கண்ணாடிய வாங்கி வச்ச? எனக்கு ரெண்டு பயலுவளும் ரெண்டு நெழலாட்டுதான் தெரிஞ்சு. ஒரே உயரம் வேற. எவன் எனக்க பிள்ளைன்னு தெரியாண்டாமா? ஸ்டெனிக்குத் தாடி உண்டு. ஒருத்தனத் தடவினேன், தாடி இருந்து. அப்போ மத்தவன்தான்னு அங்கோட்டு போனேன். நல்லா இருந்தா?"

நல்லா இருந்தது என்றேன். பிறகு வினோஜைப் பிடித்தேன். அவன் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"மூத்தவன் பேசும்போ மைக்குக்கு என்னலே ஆச்சு?"

"நான்தான் கொறச்சேன் அண்ணா. சனம் அழுதிட்டு இருக்கு. அதுக்க எடையில இவன் நியாயம் பேச ஆரம்பிச்சான். ஆளுவ எழும்பி அண்டா பக்கம் போவப் பாத்தாவ. சத்தம் கொறஞ்சா, என்னமோ நடக்குன்னு இருப்பாவ. இருந்தாவ."

எனக்கு வந்த கோபத்தை வெளியே காட்டாமல், ஈரத் தரையில் ஒயர் போடுவதன் ஆபத்தைப் பற்றி அவனுக்கு விளக்கினேன். "சரி அண்ணா" என்றான்.

அடுத்த மாதமே இரணியல் பக்கத்துச் சபை ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. நான் பிரதியைத் திருத்தினேன். 'தாய், அழுதழுது பார்வை இழந்தவளாய், மகனைத் தடவி அறிகிறாள். நீண்ட மௌனம்.' இதை எழுதி முடித்தபோது, முதலிலிருந்தே அப்படித்தான் நினைத்திருந்தேன் என்று எனக்கே தோன்றிவிட்டது. மைக்கைத் தொட்டால் தம்பி என்றும் பார்க்க மாட்டேன் என்று வினோஜிடம் சொன்னேன். பிரதியைச் சபிதாவிடம் கொடுத்துத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, இந்தத் தடவை நாடகத்தைப் பார்ப்பதற்காக முன் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

ஞாயிறு மதியம். நாடகம் முடிந்த பிறகுதான் சாப்பாடு என்று அந்தச் சபையில் ஏற்பாடு. விசிறிகள் சுற்றின, குழந்தைகள் அழுதன. பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் பேசப்படும் வசனத்தையெல்லாம் நானும் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன் என்று அப்புறம்தான் தெரிந்தது.

"முன்னமே பாத்திருக்கியளா?" என்று கேட்டார்.

"எழுதினது நான்."

"ஓ" என்றார். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

டீச்சர் வந்தார். போன தடவை ஊர் அழுததை அவர் மறக்கவில்லை. படியிலேயே ஒரு தடவை தடுமாறினார், நெஞ்சில் கை வைத்தார், வானத்தைப் பார்த்தார். எவன் எங்கே நிற்பான் என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருந்ததால் குருடி நேராக ஜெபிஷிடம் போனாள். சட்டி பானை விளக்குவது போல டீச்சர் அவன் முகத்தைத் தேய்த்தார். கை கழுத்துக்கு இறங்கியது. ஜெபிஷுக்குக் கழுத்தில் கூச்சம். முதலில் நெளிந்தான், அப்புறம் சிரித்துவிட்டான். கூட்டம் அப்படியே சேர்ந்து சிரித்தது. நானும் சிரித்தேன்.

டீச்சர் திரும்பினார். "என்னலே சிரிப்பு?" என்றார்.

தாய்க்கு வசனம் கிடையாது என்ற நிபந்தனை அதோடு போயிற்று. ஆனால் அந்தக் கட்டடமே ஐந்தாம் வகுப்பாகி அடங்கியது. இரணியல் வரைக்கும் அவரிடம் படித்தவர்கள் இருந்தார்கள்.

ரசலையன் அண்ணாச்சி இந்தத் தடவை ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை. என் ஒன்றரைப் பக்கமும் கணீரென்று, நிறுத்தம் நிறுத்தமாக வந்து போயிற்று. யாரும் இறங்கவில்லை, யாரும் ஏறவில்லை. வாசித்தபோது என்னைத் தழுதழுக்க வைத்த வரிகள் அவை. பக்கத்துப் பெரியவர் கொட்டாவி விட்டார்.

அப்புறம் இளையவனுக்குச் சோறு போடுகிற காட்சி. முதல் தடவை வெறும் இலைதான் வைத்தோம். இங்கே சபைக்காரர்கள் நிஜமாகவே மரச்சீனிக் கிழங்கு அவித்து, மீன்கறியும் வைத்துக் கொடுத்திருந்தார்கள். டீச்சர் இலையில் பரிமாறினார். ஆவி பறந்தது. முன் வரிசைக்கு மணம் வந்தது. ஜெபிஷ் கிழங்கைப் பிட்டான். மூத்தவன் முன்னால் வந்து, "நில்!" என்றான். என் மூன்று பக்கம் தொடங்கியது. ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் இருந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பிரதியில் அந்த மூன்று பக்கமும் ஓரத்தில் 'மூத்தவன்' என்ற ஒரே பெயர்தான் இருக்கும். வேறு யாரும் அங்கே கிடையாது. இங்கே அவன் காலடியில் ஒருத்தன் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். கிழங்கை வாய்க்குக் கொண்டுபோனான். ஸ்டெனி அவனைச் சுட்டிக்காட்டி இரைந்தான். கிழங்கு கீழே இறங்கியது. ஸ்டெனி மூச்சு வாங்கியபோது மறுபடி எடுத்தான். "உனக்கு வெட்கமில்லையா!" மறுபடி இறங்கியது. ஜெபிஷ் நடிக்கவில்லை. காலையில் ஆட்டோ ஓட்டிவிட்டு நேரே வந்தவன், உண்மையிலேயே பசித்திருந்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலையில் ஆவி குறைந்தது. அந்தப் பேச்சில் ஒவ்வொரு நியாயமும் சரிதான். நானே யோசித்து யோசித்து எழுதியவை. ஆனால் ஒன்றும் என் காதில் ஏறவில்லை. என் கண் கிழங்குத் துண்டின் மேலேயே இருந்தது. அது ஏறியது, இறங்கியது. இரண்டாம் பக்கம் முடிந்தது. இன்னும் ஒரு முழுப் பக்கம் இருக்கிறது என்பது அந்தக் கட்டடத்தில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

எப்போது எழுந்தேன் என்று தெரியாது. "அவன் தின்னட்டும்லே!" என்று ஒரு சத்தம் கேட்டது. என் சத்தம்தான். "ஒரு வாய் தின்னட்டும், பெறகு பேசு!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "இரும் வேய், நாடகம் நடக்குல்லா" என்று பின்னாலிருந்து யாரோ அதட்டினார்கள். பக்கத்துப் பெரியவர் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "இவருதான் இத எழுதினவரு" என்று பின் வரிசைக்குச் சொன்னார். அதற்கு எழுந்த சிரிப்பு, ஜெபிஷின் கூச்சத்துக்கு எழுந்ததைவிடப் பெரியது.

ஸ்டெனி வாயைத் திறந்தபடி நின்றான். வரி கேட்டுத் திரைப் பக்கம் பார்த்தான். திரை இடுக்கில் சபிதா பிரதியை மூடி மடியில் வைத்துக்கொண்டது தெரிந்தது. டீச்சர்தான் முதலில் சுதாரித்தார். "பேசினது போதும். நீயும் இருந்து தின்னு" என்று மூத்தவனுக்கும் ஒரு இலையைப் போட்டார். ஸ்டெனி உட்கார்ந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் அண்ணாச்சியும் உட்கார்ந்தார். மூன்று பேரும் கிழங்கு தின்றார்கள். மேடையில் மூன்று பேர் சாப்பிடுவதை அத்தனை பேர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் மனம் மாறுவதற்காக நான் எழுதியிருந்த கடைசிக் காட்சி நடக்கவே இல்லை. யாருக்கும் அது ஒரு குறையாகவும் படவில்லை.

நன்றியுரையில் அந்தச் சபைப் போதகர், பார்வையாளர் நடுவே ஆளை உட்கார வைத்து நாடகத்தை நிறுத்துவது அருமையான உத்தி என்று பாராட்டினார். 'ஒரு வேகத்துல வந்திட்டு' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சபிதா பார்த்துக்கொண்டிருந்தாள். "பயல் பட்டினி ஐயா, அதான்" என்றேன்.

திரும்பும்போது வினோஜின் வேனில் முன்பக்கம் உட்கார்ந்து வந்தேன். வழியில் ஒரு கடையில் சாயாவும் பரோட்டாவும் சொன்னான்.

"அண்ணா, அந்த மூணு பக்கமும் எனக்குள்ளதுதானே?"

"பொதுவா எழுதினதாக்கும்."

"வண்டி வச்சிருக்கவன் சக்கரத்தப் பாக்காண்டாமான்னு ரெண்டாம் பக்கத்துல வருதே?"

"அது மாட்டு வண்டிலே."

அவன் சிரித்தான். பரோட்டாவைப் பிய்த்து வாயில் வைத்தான். வெளியே நின்ற வேனின் முன் டயர் தேய்ந்து வழுக்கையாக இருந்தது. எனக்குச் சொல்ல வந்தது. அவன் தின்று முடித்துக் கை கழுவும் வரைக்கும் பொறுத்திருந்தேன். அப்புறம் சொன்னேன். "சரி அண்ணா" என்றான். டயரை இன்னும் மாற்றவில்லை.

இப்போதும் கடையில் நாடகம் வாசிக்கிறேன். பழைய வேகம் போய்விட்டது. பேசுகிறவனை விட்டுவிட்டுப் பேசாதவன் எங்கே நிற்கிறான் என்று தேடத் தொடங்கிவிடுகிறேன். சபிதா கூப்பிட்டால் மறுக்காமல் நாடகம் பார்க்கவும் போகிறேன். பக்கத்தில் இருந்துகொண்டு அவள் என் வாயைக் கவனித்துக்கொள்கிறாள்.

போன வாரம் ஒரு நாடகம். அரசன் நாலு பக்கம் பேசுகிறான். தொடக்கத்தில் 'ஒரு காவலன் வேலுடன் நிற்கிறான்' என்று போட்டிருந்தது; அதற்கப்புறம் அவனைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவனுக்குக் கால் கடுக்காதா? ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தால் என்ன செய்வான்? புத்தகத்தை மார்பில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அவனுக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, நான் வந்து நிக்க தொடங்கி நேரம் எவ்வளவு ஆச்சு!"

இடுப்பில் பிள்ளையும் கையில் சீட்டுமாக ஒரு பெண் நின்றிருந்தாள். பதறி எழுந்து ஸ்டூலை எடுத்துப் போட்டேன்.

"இரும்மா, இரு."

"இருக்க நேரமில்ல, மருந்தத் தாங்க. பஸ் வந்திரும்" என்றாள்.